நீண்ட மருத்துவச் சொல்லில் நாக்கு மாட்டினால்: எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங்கிலும் லேப் டெக்னீஷியன் படிப்பிலும் சேரும் பிள்ளைகளுக்கு, முதலாமாண்டில் ஆங்கிலச் சொல் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் என் வேலையில் சேர்ந்தது. ஆண்டுதோறும் அதே இடத்தில்தான் தடுக்குகிறது. பாடம் புரியாமல் இல்லை. கல்லீரல் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று தமிழில் கேட்டால் கடகடவென்று சொல்வார்கள். அதே கல்லீரல் 'ஹெப்பட்டோஸ்ப்ளீனோமெகலி' என்று புத்தகத்தில் வந்ததும் குரல் இறங்கிவிடும். "எனக்கு இங்கிலீஷ் வராது மேடம்" என்பார்கள். உண்மையில் அது இங்கிலீஷே இல்லை. கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்துக் கோத்த சொல். ஆங்கில வழியில் படித்து வந்த பிள்ளைக்கும் அது அன்றைக்குத்தான் அறிமுகம்.

கோத்ததைப் பிரிக்கும் வித்தை நம் பிள்ளைகளுக்குப் புதிதும் இல்லை. 'வந்தனன்' என்பதை வா, த், த், அன், அன் என்று பிரித்து, 'வா' வகரமாகக் குறுகியதும் சந்தி நகரமானதும் விகாரம் என்று தேர்வில் எழுதியவர்கள் அவர்கள். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்பையும் ஒப்பித்தவர்கள். அதே கையால் இதையும் வெட்டலாம். எந்தக் கோளாறுக்கு எந்த வெட்டு என்பதை, நான் வகுப்பில் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

கையில் வேண்டியது ஒரு பென்சில். பேனா வேண்டாம். முதல் வெட்டு பல நேரம் தப்பாக விழும், அழிக்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன்: வெட்டு இரண்டு வகை

வாயால் சொல்வதற்கு வெட்டுவது ஒலி வெட்டு. பொருள் தெரிவதற்கு வெட்டுவது பொருள் வெட்டு. இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதில்லை. ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு அது ஹெ | லி | காப் | டர். பொருளுக்கு ஹெலிகோ | ப்டர். முன்பாதி சுருள், பின்பாதி இறகு. 1861இல் பிரெஞ்சு மொழியில் உருவாக்கிய சொல் அது. வண்ணத்துப்பூச்சி வரிசைக்கு விலங்கியலில் வைத்திருக்கும் 'லெபிடாப்டெரா' என்ற பெயரிலும் அதே 'ப்டெர்'தான் இருக்கிறது. செதில் இறகு என்று பொருள். கீழே வரும் கோளாறுகளில் பாதி, ஒலி வெட்டு வேண்டிய இடத்தில் பொருள் வெட்டையோ, பொருள் வெட்டு வேண்டிய இடத்தில் ஒலி வெட்டையோ போடுவதால் வருபவை.

அறிகுறி 1: சொல்லைப் பார்த்ததும் வாய் நின்றுபோகிறது

*முதலில் பார்க்க வேண்டியது: முன்னாலிருந்து தொடங்குகிறீர்களா?*

பெரும்பாலும் இதுதான். இருபது எழுத்துச் சொல்லை முதல் எழுத்திலிருந்து ஒரே மூச்சில் வாசிக்கப் பார்த்தால் நடுவில் மூச்சு முட்டும். முன்பகுதியைக் கட்டை விரலால் மறைத்துவிட்டு வாலை மட்டும் பாருங்கள். வால் கிட்டத்தட்ட எப்போதும் தெரிந்ததாகவே இருக்கும். 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி. 'எக்டமி' வந்தால் வெட்டி நீக்குவது. 'ஆடமி' வந்தால் கீறித் திறப்பது. 'ஆஸ்டமி' வந்தால் திறந்து வாய் அமைப்பது. 'ஸ்கோபி' உள்ளே விட்டுப் பார்ப்பது, 'கிராம்' எடுத்த பதிவு, 'ஈமியா' இரத்தம் பற்றியது, 'யூரியா' சிறுநீர் பற்றியது, 'மெகலி' பெருத்துப்போவது, 'ஆல்ஜியா' வலி. இந்தப் பத்தும் முதல் மாதத்திலேயே மனதில் நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பெட்டியில் அச்சடித்திருந்த சொல்லைப் படிக்கச் சொன்னேன். எஸ்-பி-எச்-ஒய்-ஜி-எம் என்று தொடங்கும் அந்தப் பதினாறு எழுத்துச் சொல். அந்தப் பெண் "இஸ்பை..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். கையில் கட்டும் கஃபை எடுத்து, கடைசி ஐந்து எழுத்து மட்டும் தெரியும்படி சொல்லின் மேல் வைத்தேன்.

"மீட்டர். அளக்குறது மேடம்."

கஃபை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"மேனோமீட்டர்! இது ஸ்கூல்ல பிசிக்ஸ்ல வந்திருக்கு மேடம். அழுத்தம் பாக்குறது."

மிச்சம் 'ஸ்ஃபிக்மோ' மட்டும். நாடித் துடிப்பு என்று நான் சொன்னேன். கஃபை எடுத்ததும் பெட்டியில் புதுச்சொல் எதுவும் மிச்சமில்லை. ஸ்ஃபிக் | மோ | ம | னா | மி | டர் என்று ஆறு துண்டாக, தானே சொன்னாள்.

*அடுத்தது: உயிரொலியை எண்ணினீர்களா?*

எத்தனை உயிரொலி கேட்கிறதோ அத்தனை துண்டு. கண்ணுக்குத் தெரியும் உயிரெழுத்தை எண்ணக் கூடாது. காதில் விழுவதை எண்ண வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு புள்ளி வைத்தால் போதும். யாப்பில் அசை பிரித்த பழக்கம் இங்கே கொஞ்சம் இடறும். நிரையசையில் இரண்டு குறில் சேர்ந்து ஓரசை ஆகும். இங்கே அப்படி இல்லை, ஒவ்வோர் உயிரொலியும் தனித்துண்டு. 'எலக்ட்ரோஎன்செஃபலோகிராம்' என்பதில் எட்டுப் புள்ளி விழ வேண்டும்: இ | லெக் | ட்ரோ | என் | செ | ஃப | லோ | கிராம். ஏழு வந்தால் 'ட்ரோ'வையும் 'என்'னையும் ஒட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

*மூன்றாவது: முதலெழுத்து ஊமையா?*

பி-என், பி-எஸ், பி-டி என்று தொடங்கும் சொற்களில் அந்தப் 'பி'யை வாய் திறந்து சொல்வதில்லை. நிமோனியா, சைக்கியாட்ரி, இமை தொங்குவதைக் குறிக்கும் டோசிஸ் எல்லாம் இந்த வகை. ஆனால் அதே துண்டு சொல்லின் நடுவில் வந்தால் ஊமை எழுத்து பேசத் தொடங்கிவிடும். மூச்சுத் திணறலைக் குறிக்கும் 'டிஸ்ப்னியா'வில் 'ப்' நன்றாகவே கேட்கும். ஹெலிகாப்டரில் கேட்பதும் அந்தப் 'ப்'தான். நிமோனியாவில் சொல்லவில்லையே என்று டிஸ்ப்னியாவை 'டிஸ்னியா' ஆக்கிவிடாதீர்கள்.

*இதற்கும் மசியவில்லை என்றால்:* ஒலிப்பதிவு உள்ள ஆங்கில அகராதி ஒன்றைத் திறந்து இரண்டு முறை கேளுங்கள். பிறகு மூடிவிட்டுச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டே கூடச் சொல்வது பழகியது போலத் தோன்றும். மறுநாள் வார்டில் நிற்கும்போது வராது.

அறிகுறி 2: எல்லா எழுத்தையும் சொன்னாலும் கேட்பவருக்குப் புரியவில்லை

துண்டு சரி, அழுத்தம் தப்பு. தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் ஒரு துண்டு மட்டும் மேலே எழும்பும், மற்றவை பின்வாங்கும். எழும்ப வேண்டிய துண்டு எழும்பாவிட்டால் டாக்டர் "என்ன?" என்று திரும்பக் கேட்பார். உடனே நம் பிள்ளை தன் இங்கிலீஷே தப்பு என்று முடிவுகட்டிக்கொள்ளும்.

இங்கேயும் வாலைத்தான் பார்க்க வேண்டும். ஆலஜி, கிராஃபி, ஸ்கோபி, எக்டமி, ஆடமி என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது துண்டில் அழுத்தம்: லாப்பராஸ்கோபி, கோலிசிஸ்டெக்டமி. 'ஐக்' என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு நேர் முன்துண்டில்: கார்டியோகிராஃப்பிக். 'ஷன்' என்று முடிந்தாலும் அப்படித்தான். 'ஐட்டிஸ்' வந்தால் அந்த 'ஐ'யிலேயே அழுத்தம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. மைக்ராமிட்டர் என்று நடுவில் அழுத்தினால் அது பட்டறையில் தகட்டின் தடிமன் அளக்கும் கருவி. மைக்ரோமீட்டர் என்று முன்னால் அழுத்தினால் அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒலி வெட்டு மாறினால் பொருளே மாறிவிடும் இடம் இது.

சரிபார்க்க எளிய வழி: சொல்லிக்கொண்டே மேசையில் தட்டுங்கள். அழுத்தத் துண்டில் மட்டும் பலமாகத் தட்டுங்கள். கை சரியாக விழுந்தால் வாயும் விழும்.

அறிகுறி 3: வெட்டு தப்பான இடத்தில் விழுகிறது

*எளிய காரணம்: தெரிந்த சின்னச் சொல் ஒன்று உள்ளே கண்ணில் படுவது.*

லேப் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். திசுவில் சாயம் ஏற்ற ஓர் அமிலம் வைத்திருப்பார்கள். புட்டியில் இருக்கும் எழுத்தைப் பார்த்தால் தனிம அட்டவணைக்கு வரும் 'பீரியாடிக்' என்ற சொல்லேதான். ஓர் எழுத்துக்கூட வேறில்லை. எல்லாரும் 'பீரியாடிக் ஆசிட்' என்று வாசிப்பார்கள். வெட்டு அங்கே இல்லை. பெர் | அயோடிக் என்று வெட்ட வேண்டும். அயோடின் உள்ள அமிலம், அதன்முன் 'பெர்' என்ற ஒட்டு. காலத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

வலி நீக்கி மருந்துக்கு வரும் 'அனால்ஜெசிக்'கும் இப்படித்தான். முதல் நான்கு எழுத்து வேறொரு சொல்லாகத் தெரிவதால், ஆசனவாய்க்குரிய மருந்து என்று எழுதிய விடைத்தாளைத் திருத்தியிருக்கிறேன். வெட்டு இரண்டாவது எழுத்துக்குப் பின்னால்: அன் | ஆல்ஜெசிக். இல்லாமை, வலி. ஏற்கெனவே சொன்ன 'ஆல்ஜியா'வின் உறவுக்காரன்தான் அது.

*அடுத்த காரணம்: 'அன்'னும் 'அனா'வும் குழம்புவது.*

'அனாட்டமி'யில் இல்லாமை என்ற பொருளே கிடையாது. அனா | டமி: அறுத்துப் பிரித்தல். 'அன்' என்று வெட்டினால் மிச்சமிருப்பது 'ஆட்டமி' என்று ஒன்றுமில்லாத துண்டாக நிற்கும் (எழுத்தில் அது ஏ-யில் தொடங்கும்; முன்பு சொன்ன 'ஆடமி' ஓ-வில் தொடங்குவது). அதுதான் சோதனை. வெட்டிய பிறகு இரண்டு பக்கமும் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு பக்கம் பொருளில்லாமல் கிடந்தால் வெட்டு தப்பு. பென்சில் கோட்டை அழித்துவிட்டு ஓர் எழுத்து தள்ளிப் போடுங்கள்.

வேதியியலில் 'அன்அயனைஸ்டு' என்ற சொல்லில் மட்டும் இந்தச் சோதனை உதவாது. யூனியன் | ஐஸ்டு என்று வெட்டினாலும் இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கும். தொழிற்சங்கம் அமைத்த என்று பொருள் வரும். அன் | அயனைஸ்டு என்று வெட்டினால் அயனியாகாத. எதைப் பற்றிய பத்தி என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி 4: துண்டெல்லாம் தெரிகிறது, பொருள் சொல்ல நேரமாகிறது

எனக்கு மிகப் பிடித்த கோளாறு இது. சரியானதும் பிள்ளைகளின் முகமே மாறிவிடும்.

காரணம், ஆங்கிலப் பாடநூல் தரும் விளக்கத்தை நடுவில் வைத்துக்கொள்வது. ஹெப்பட்டோஸ்ப்ளீனோமெகலி என்ற சொல்லுக்கு ஆங்கில விளக்கம் தலைகீழாக வரும்: முதலில் 'பெருத்தல்', பிறகு 'கல்லீரலும் மண்ணீரலும்'. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து, திரும்பத் தமிழுக்குப் புரட்டி, மறுபடி சொல்லோடு பொருத்திப் பார்ப்பார்கள். மூன்று தரம் திரும்ப வேண்டியிருக்கிறது.

கிரேக்கத் துண்டுகள் கோத்திருக்கும் வரிசை தமிழ் வரிசைதான். ஹெப்பட்டோ, ஸ்ப்ளீனோ, மெகலி. கல்லீரல், மண்ணீரல், பெருக்கம். வந்த வரிசையிலேயே தமிழாக்கிக்கொண்டு போனால் போதும். கோலி, சிஸ்ட், எக்டமி: பித்த, பை, நீக்கம். காஸ்ட்ரோ, என்ட்டர், ஐட்டிஸ்: இரைப்பை, குடல், அழற்சி. நமக்கு முக்கியச் சொல் கடைசியில்தான் நிற்கும், அவர்களுக்கும் அங்கேதான் நிற்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். இந்த வரிசை ஒற்றுமை அவருக்கும் கை கொடுத்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எங்கள் மருத்துவமனைகளில் 'ஓஜிடி' என்று மூன்றெழுத்தில் முடித்துவிடும் சொல்லை விரித்து வைத்து ஒருமுறை முயன்று பாருங்கள். ஈசோஃபகோ | காஸ்ட்ரோ | டியோடினோ | ஸ்கோபி. உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல், உள்நோக்கல். குழாய் போகும் வழியே சொல்லின் வரிசை. நோயாளியிடம் தமிழில் விளக்க வேண்டிய வாக்கியமும் அதிலேயே இருக்கிறது: "வாய் வழியா டியூப் விட்டு உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலோட ஆரம்பம் வரைக்கும் பாப்பாங்க அம்மா."

இது போதவில்லை என்றால் துண்டுகள்தான் போதவில்லை. நாளொன்றுக்கு மூன்று துண்டு, ஒரு சின்ன நோட்டில், தமிழ்ப் பொருளோடு எழுதுங்கள். அகரவரிசை வேண்டாம். ஓர் உறுப்புக்கு ஒரு பக்கம் வையுங்கள்.

அறிகுறி 5: வெட்டு சரி, பொருள் மட்டும் தப்பாகிறது

*ஒரே எழுத்து, இரண்டு வேர்.* 'பெட்' என்ற துண்டு கிரேக்கத்திலிருந்து வந்தால் குழந்தை, இலத்தீனிலிருந்து வந்தால் கால். பீடியாட்ரிக் வார்டு குழந்தைகள் வார்டு. கேஸ் ஷீட்டில் எழுதும் 'பெடல் இடிமா' கால் வீக்கம். அதைக் குழந்தைக்கு வரும் வீக்கம் என்று எழுதிய பிள்ளை, பீடியாட்ரிக்கிலிருந்து நியாயமாகத்தான் ஊகித்தது. சரி, ஆர்த்தோபீடிக்? கால் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அங்கே குழந்தை. நிக்கோலா ஆண்ட்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1741இல், குழந்தைகளின் உடல் கோணலை நேராக்கும் கலைக்கு வைத்த பெயர் அது.

*ஒத்த ஒலி, வேறு வேர்.* போலியோமயிலைட்டிஸில் இருப்பது 'பல' என்று பொருள்படும் 'பாலி' இல்லை. 'போலியோ' என்றால் சாம்பல் நிறம். தண்டுவடத்தின் சாம்பல் நிறப் பகுதியில் வரும் அழற்சி. 'மயோ' தசை, 'மயலோ' மஜ்ஜை அல்லது தண்டுவடம், 'மைக்கோ' பூஞ்சை. மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால்தான் பிரியும். 'ஹைட்ரோ' எழுத்தில் ஒய் வந்தால் தண்ணீர். 'ஹிட்ரோ' என்று ஐ வந்தால் வியர்வை.

*சொல் மிகைப்படுத்துவது.* அனீமியாவை வெட்டினால் இரத்தமே இல்லை என்று வரும். உண்மையில் ஹீமோகுளோபின் குறைவு. துண்டு தருவது வழிகாட்டல் மட்டும், நோயின் வரையறை அன்று. தேர்வில் வரையறை கேட்டால் புத்தகத்தில் உள்ளதைத்தான் எழுத வேண்டும்.

அறிகுறி 6: இரண்டு சொல் ஒன்றுபோலவே தெரிகிறது

முதலில் உங்கள் நோட்டைத் திறந்து பாருங்கள். ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைத்திருக்கிறீர்களா? கோளாறு பெரும்பாலும் அதுதான். தொடக்கத்தில் நானே எழுதச் சொல்வேன், தைரியம் வர வேண்டும் என்பதற்காக. இரண்டாம் மாதம் நிறுத்திவிட வேண்டும். 'இலியம்' என்று தமிழில் எழுதினால் சிறுகுடலின் கடைசிப் பகுதியும் அதுதான், இடுப்பெலும்பும் அதுதான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வேறு. நடுவில் ஈ வந்தால் குடல். குடலுக்கான 'என்ட்டரோ' ஈ-யில்தான் தொடங்குகிறது. நடுவில் ஐ வந்தால் எலும்பு. 'ஹிப்' நடுவிலும் ஐதான்.

யூரீட்டர், யூரித்ரா: முதலாவது சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய்கள், இரண்டு. இரண்டாவது பையிலிருந்து வெளியே போகும் வழி, ஒன்று.

வெட்டினால் மட்டுமே பிரிகிற இணை ஒன்றும் உண்டு. ஹீமாப்டிசிஸ், ஹீமட்டெமெசிஸ். ஹீமோ | ப்டிசிஸ் என்றால் இரத்தம், உமிழ்தல். இருமலோடு நுரையீரல் பக்கமிருந்து வருவது. ஹீமட் | எமெசிஸ் என்றால் இரத்தம், வாந்தி. இரைப்பைப் பக்கமிருந்து வருவது. ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினால் பார்க்க வரும் டாக்டரே மாறிவிடுவார். இந்த இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்வேன்.

வாய்ச்சொல்லில் இன்னும் ஆபத்து. ஹைப்பர்கலீமியா (இரத்தத்தில் பொட்டாசியம் கூடுவது), ஹைப்போகலீமியா (குறைவது) இரண்டும் இரைச்சலான வார்டில், முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்தால் ஒன்றுதான். பணி மாற்றும்போது சொல்லோடு எண்ணையும் சொல்லுங்கள்: "பொட்டாசியம் லோ, 2.9." கை கால்களை உடலிலிருந்து விலக்குவதையும் உடலோடு சேர்ப்பதையும் குறிக்கும் 'அப்டக்ஷன்', 'அடக்ஷன்' இரண்டையும் பிசியோதெரபி பிரிவில் எழுத்துக்கூட்டி "ஏ-பி டக்ஷன்", "ஏ-டி டக்ஷன்" என்பார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம்.

அறிகுறி 7: வாயில் சரி, எழுதினால் பிழை

மூன்று இடத்தைச் சரிபார்த்தால் பெரும்பாலும் முடிந்தது.

ஒன்று, நடுவில் வரும் 'ஓ'. புளியும் காயும் சேர்ந்தால் புளியங்காய். நடுவில் வந்த 'அம்' சாரியை, அதற்குத் தனிப் பொருள் இல்லை. அந்த 'ஓ'வும் அப்படித்தான். பின்னால் வரும் விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஓ' போய்விடும்: காஸ்ட்ரைட்டிஸ். மெய்யில் தொடங்கினால் நிற்கும்: காஸ்ட்ரோஸ்கோபி. ஆனால் இரண்டு வேர்ச்சொல்லுக்கு நடுவில் வந்தால், அடுத்தது உயிரெழுத்தானாலும் பெரும்பாலும் நிற்கும்: காஸ்ட்ரோஎன்ட்டரைட்டிஸ்.

இரண்டு, இரட்டிக்கும் 'ஆர்'. ஆர்-எச் என்று தொடங்கும் வேர், உயிரெழுத்துக்குப் பின் வந்தால் ஆர்-ஆர்-எச் ஆகும். டயரியா, ஹெமரேஜ் இரண்டிலும் அப்படி.

மூன்று, பி-எச்-டி-எச் என்று நான்கு எழுத்து வரிசையாக நிற்பது. ஆஃப்தால்மாலஜி, டிஃப்தீரியா இரண்டிலும் முதல் எச்சை எல்லாரும் விட்டுவிடுவார்கள். 'ஃப்' என்று ஒலித்துச் சொன்னால் எச் நினைவுக்கு வரும். 'ஆப்தால்' என்று சொல்லிப் பழகினால் கையும் அப்படியே எழுதும்.

அறிகுறி 8: எங்கே வெட்டினாலும் ஒன்றும் வரவில்லை

மனிதர் பெயரால் வந்த நோயாக இருக்கலாம். அதை வெட்ட முடியாது, அப்படியே மனப்பாடம்தான். சுருக்கி ஒட்டிய சொல்லாகவும் இருக்கலாம். பாராசிட்டமால் என்பது 'பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால்' என்ற நீண்ட பெயரிலிருந்து அங்கங்கே கிள்ளி எடுத்தது. ஒட்டிய இடம் தெரியாது.

மருந்துப் பெயராக இருந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுங்கள். இந்த ஓரிடத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன்.

மருந்துகளின் பொதுப்பெயர்களுக்கு (ஜெனரிக் பெயர்) வால் உண்டு என்பது உண்மைதான். உலகச் சுகாதார நிறுவனம் 1953இல் முதல் பட்டியல் வெளியிட்ட காலத்திலிருந்து ஒரே வகை மருந்துக்கு ஒரே வால் என்று ஒழுங்குபடுத்தி வருகிறது. அட்டெனலால், மெட்டப்ரலால் இரண்டும் ஒரே குடும்பம். படிக்கும் மேசையில் அது உதவும். மருந்து கொடுக்கும் இடத்தில் அதை நம்பக் கூடாது. ஒமிப்ரசோல் அமிலச் சுரப்பைக் குறைப்பது. அரிப்பிப்ரசோல் என்பதற்கும் வால் அதே போல ஒலிக்கும். அது மனநோய்க்குத் தருவது. ஃப்ளூக்கனசோல் பூஞ்சைக்கு. ஹைட்ரலசீன் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசீன் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். தலையும் வாலும் ஒன்றுபோல இருக்க, நடுவில் மட்டும் வேறு. அதனால்தான் சில மருத்துவமனைகளில் வேறுபடும் நடுப்பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படியுங்கள். சீட்டில் உள்ளதையும் அட்டையில் உள்ளதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து தெளிவில்லை என்றாலும் இன்சார்ஜ் சிஸ்டரையோ மருந்தாளுநரையோ எழுதிய டாக்டரையோ கேளுங்கள். இரவு இரண்டு மணியானாலும் கேளுங்கள். "இதுவா இருக்கும்" என்ற ஊகத்தில் மருந்து கையைவிட்டுப் போகக் கூடாது. கேட்டதற்காகத் திட்டு வாங்கினால் என்னிடம் வாருங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

அறிகுறி 9: எல்லாம் செய்தும் மூன்று மாதமாக நகரவில்லை

தமிழ்ப் பத்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் தடையில்லாமல் வந்தால், பயிற்சிதான் இன்னும் போதவில்லை. தினமும் ஐந்து சொல், சத்தமாக, இன்னொருவர் முன்னால்.

தமிழிலும் வரி தாவுகிறது, எழுத்து முன்பின் மாறுகிறது என்றால் சொல் வெட்டும் முறையில் கோளாறு தேட வேண்டாம். முதலில் கண் பரிசோதனை. கண் சரியாக இருந்தும் சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றால், கற்றல் குறைபாட்டைப் பரிசோதிக்கும் உளவியலாளரிடமோ சிறப்புக் கல்வியாளரிடமோ அனுப்ப வேண்டும். அது சொல் வகுப்பு எடுக்கும் நான் தீர்மானிக்கும் விஷயம் இல்லை. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசும்போது, படிப்பு வராது என்ற சொல் நம் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது.

கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை கரும்பலகையில் 'இலியம்' வந்தபோதெல்லாம் ஈ-யையும் ஐ-யையும் மாற்றி எழுதிக்கொண்டே இருந்தாள். நான் மூன்று வாரம் துண்டுகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். பிறகுதான் முதல் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தேன். பிழை வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள்; கரும்பலகையின் மூலையில் நான் முந்தின வாரம் அழிக்காமல் விட்டிருந்த சொல்லைப் பின்னாலிருந்தே வாசித்தாள்.